காவலர்கள் விதிப்படி நடக்க எது காரணம்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் காவல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: சட்டத்தைக் காப்பவர்களையே சட்டப்படி நடக்க வைப்பது எப்படி? காவலர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், புகார் கொடுக்கப் போய் மனம் நொந்து திரும்பியவர்கள், இன்னும் பணியில் இருக்கும் தம்பிகள் எல்லோரும் கேட்டதைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை.

சட்டம் தெரிந்தவர்கள்தானே காவலர்கள்? பிறகு ஏன் மீறுகிறார்கள்?

தெரியாமல் மீறுவது ரொம்பக் குறைவு. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நேற்றுச் சேர்ந்த இரண்டாம் நிலைக் காவலருக்கும் அது தெரியும். டி.கே. பாசு வழக்கில் கைது, காவல் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த 11 கட்டளைகளை நிலையங்களில் எழுதி மாட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே அதற்கு எதிரான வேலை நடப்பதையும் பார்த்திருக்கிறோம்.

விதியைப் பார்த்தால் வேலை நடக்காது என்ற எண்ணம் ஒரு காரணம். மேலே இருப்பவர் முடிவை மட்டும் கேட்டு, வழியைக் கேட்காமல் இருப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எல்லோரும் பேசுகிறார்கள். யாரும் பேசாத மூன்றாவது ஒன்று உண்டு: ‘என்னிடம் யார் விதிப்படி நடந்தார்கள், நான் மட்டும் ஏன் நடக்க வேண்டும்?’ என்ற கசப்பு. விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்டவர், செய்யாத தப்புக்கு மெமோ வாங்கியவர், நாலு பேர் முன்னால் ‘டா’ போட்டுத் திட்டப்பட்டவர், அரைமணி நேரம் கழித்துப் புகார் கொடுக்க வந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் எப்படிப் பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்டனையைக் கடுமையாக்கினால் எல்லாம் சரியாகிவிடாதா?

தண்டனை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. காவலில் ஒருவரை அடித்தவர் சீருடையோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

ஆனால் நிலையத்துக்குள் தண்டனை எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகள் 1955இல் வந்தவை. சின்னத் தப்புக்கு அதில் விதி 3(ஏ), பெரிய தப்புக்கு விதி 3(பி). பெரிய குற்றச்சாட்டு என்றால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாய்மொழி விசாரணை நடத்த வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி விட வேண்டும். இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் தண்டனை வாங்கியவரே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார். ஊதிய உயர்வு வெட்டப்பட்ட ஒரு தலைமைக் காவலர் என்னிடம் சொன்னது: “தப்பு என் மேலதான். ஆனா ஐயா என்னை உக்கார வச்சு முழுசாக் கேட்டாரு.” அதற்குப் பிறகு அவர் பணியில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. ரோல் காலுக்கு (ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு) பத்து நிமிடம் பிந்தியவருக்கு மெமோ. சிபாரிசு உள்ளவர் இரண்டு நாள் வரவே இல்லை, அவருக்கு ஒன்றும் இல்லை. ‘மெமோ தப்புக்கு வராது, ஆளுக்குத்தான் வரும்’ என்று காவலர்கள் பேசிக்கொள்வார்கள். அந்த நிலையத்தில் தண்டனையை இன்னும் பத்து மடங்கு கூட்டினாலும் காவலர் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: மாட்டாமல் செய்ய வேண்டும்.

நியாயமான மேற்பார்வை என்றால் என்ன? நயமாகப் பேசுவதா?

நயமாகப் பேசிக்கொண்டே வேண்டியவருக்கு வேண்டிய இடத்தைக் கொடுத்த அதிகாரிகளும் உண்டு. அது நியாயம் ஆகாது.

காலை ஏழு மணி ரோல் காலைப் பாருங்கள். ரைட்டர் (நிலைய எழுத்தர்) நோட்டை விரித்து பாரா (நிலையக் காவல்) யாருக்கு, கோர்ட் டியூட்டி யாருக்கு, சம்மன் கொடுக்கப் போவது யார், நைட் ரவுண்ட்ஸ் யார் என்று வாசிப்பார். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒவ்வொரு காதும் ஒன்றைத்தான் கணக்குப் பார்க்கும்: போன வாரம் பாரா பார்த்தவனுக்கே இந்த வாரமும் பாராவா? பேரைச் சொல்லாமல் ஓர் ஆய்வாளரைப் பற்றிச் சொல்கிறேன். குன்றக்குடி பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி என்று பந்தோபஸ்து வந்தால் அவர் டியூட்டி பட்டியலை இரண்டு நாள் முன்னாலேயே சுவரில் ஒட்டிவிடுவார். நிழல் பாயிண்ட், வெயில் பாயிண்ட், கூட்டம் நெருக்கும் படிக்கட்டுப் பாயிண்ட் எல்லாம் சுற்று முறையில் மாறும். யாருக்காவது சிரமம் இருந்தால் ரைட்டரிடம் எழுதிக் கொடுக்கலாம். மாற்ற முடியாது என்றால் ஏன் முடியாது என்று கூப்பிட்டுச் சொல்வார். இரவுப் பாயிண்ட் ஒன்றை அவரே எடுத்துக்கொள்வார். விடுப்பு நோட்டு அவர் மேசை மேல் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். திட்டுவதற்கும் தயங்க மாட்டார், ஆனால் தனியாகக் கூப்பிட்டுத்தான் திட்டுவார்.

அவர் இருந்த காலத்தில் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் (ஜி.டி.) நடந்தது நடந்தபடி ஏறியது. நேரம் போட்டு, யாரைக் கூட்டிவந்தோம், எப்போது விட்டோம் என்று எழுதப்பட்டது. அவர் மிரட்டி இதை வாங்கவில்லை. உண்மையை எழுதினால் அதைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம் காவலர்களுக்கு வந்துவிட்டது.

ஆக நான் பார்ப்பது நாலு விஷயம். முடிவு எடுக்குமுன் கேட்பது, எடுத்தபின் காரணம் சொல்வது, எல்லோருக்கும் ஒரே அளவுகோல், அப்புறம் மனிதனை மனிதனாக நடத்துவது. சம்பளத்தையும் பதவி உயர்வையும் நிலைய அதிகாரி கூட்டிக் கொடுக்க முடியாது. இந்த நாலும் முழுக்க அவர் கையில் இருக்கின்றன.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதுச் சங்கதியே இல்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த முதலாளிகள் மூன்று வருடத் தவணைக்கு ஏஜெண்டை அனுப்பினார்கள். சம்பளம் முன்னாலேயே பேசி முடிக்கப்பட்டது. ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருவருக்கும் படியும் தெரியும், அடுத்த படி எப்போது என்பதும் தெரியும். கணக்கை ஊரிலிருந்து வரிவரியாகப் பார்த்தார்கள். கடல் கடந்து இருக்கும் ஆளை நம்பவும் செய்தார்கள், கணக்கும் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ததால்தான் கடை நடந்தது. காவல் துறையில் நாம் நம்பவும் மாட்டோம், ஒழுங்காகக் கணக்கும் கேட்க மாட்டோம், திடீரென்று ஒருநாள் ஆயுதப்படைக்கு மாற்றிவிடுவோம்.

இதெல்லாம் உங்கள் அனுபவம். ஆய்வு ஏதாவது உண்டா?

உண்டு. பெரும்பாலும் அமெரிக்காவில் செய்தவை, எனவே அந்த ஊர்ச் சூழலை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காவலர்களையும் ராணுவ வீரர்களையும் கேட்டது: விதியைப் பின்பற்ற வைப்பது எது? மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைவிட, ‘இந்த அமைப்பு நியாயமானது, இதன் மதிப்புகள் என் மதிப்புகளோடு ஒத்துப்போகின்றன’ என்ற எண்ணமே அதிக வலுவாக இருந்தது. 2011இல் பிலடெல்பியா நகரக் காவலர்கள் 483 பேரை வைத்து வெளிவந்த ஆய்விலும் இதே போக்குத்தான். தங்கள் துறை நியாயமாக நடத்துகிறது என்று நினைத்தவர்களிடம் முறைகேடு குறைவு. கூட இருப்பவரின் தப்பை மூடி மறைக்கும் மனப்பான்மையும் குறைவு.

எனக்குப் பிடித்தது சியாட்டிலில் செய்து 2018இல் வெளியிட்ட சோதனை. சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் அண்மையில் போய் வந்த ஒரு சாதாரண சம்பவத்தைப் பற்றி மேலதிகாரி உட்கார வைத்துப் பேசினார். யார்மேலும் குற்றச்சாட்டு கிடையாது. என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று மரியாதையாகக் கேட்டதுதான் மொத்த வேலையும். அப்படிப் பேசப்பட்டவர்கள் அடுத்த வாரங்களில் சம்பவங்களைக் கைதில் முடிப்பதும் பலத்தைப் பயன்படுத்துவதும் குறைந்தது. செலவே இல்லாத காரியம். நம் ஊர் நிலையத்தில் காவலரை அறைக்குக் கூப்பிட்டாலே அவருக்கு வியர்க்கிறது, ஏனென்றால் தப்பு நடந்தால் மட்டும்தான் கூப்பிடுகிறோம்.

பயிற்சியில் நன்றாக இருந்த பையன், நிலையத்துக்கு வந்ததும் மாறிவிடுகிறானே?

அதுதான் நிலையப் பழக்கம். பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்காகச் சட்டம் படித்துவிட்டு வருகிறவனிடம் முதல் நாளே ஒரு மூத்தவர் சொல்வார்: “அதெல்லாம் அங்கேயே விட்டுட்டு வா தம்பி, இங்க வேற.” கெட்ட எண்ணத்தில் சொல்வதாக நினைக்காதீர்கள். அவருக்கும் ஒருவர் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்.

பேச்சிலேயே பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. அடிப்பதற்கு ‘கவனிக்கிறது’ என்று பெயர். புகாரைத் தட்டிக் கழிப்பதற்கு ‘நாளைக்கு வாங்க’ என்று பெயர். கைது காட்டாமல் உட்கார வைப்பதற்கு ‘சும்மா விசாரணைக்கு’ என்று பெயர். இப்படிப் பேசிப் பேசியே செய்வதன் கனம் தெரியாமல் போய்விடுகிறது.

பழக்கம் மாறவும் செய்யும். அதற்குச் சுற்றறிக்கை போதாது. ஆய்வாளர் காலையில் கேட்கும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். “ரெக்கவரி (திருட்டுப் பொருள் மீட்பு) என்னாச்சு?” என்பது முதல் கேள்வியானால் நிலையம் முழுக்க ரெக்கவரிக்குப் பின்னால் ஓடும், வழி எதுவானாலும். “நேத்து மனு கொடுத்தவங்களுக்கு ரசீது கொடுத்தாச்சா? உள்ள இருக்கறவன் சாப்பிட்டானா? வீட்டுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டால், ஒரு மாதத்தில் அவர் கேட்காமலே ரைட்டர் இவற்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார். புதுப் பையனை யாரோடு முதலில் பீட்டுக்கு அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். நல்ல ஏட்டையாவோடு ஆறு மாதம் சுற்றியவன் அவ்வளவு எளிதில் கெட மாட்டான்.

கூட இருப்பவர் அடிக்கும்போது மற்றவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

பயம்தான். குற்றவாளியைக் கண்டு பயப்படாதவர்கள் சக காவலரைக் கண்டு பயப்படுகிறார்கள். காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் வந்தால் அடுத்த ரோந்தில் கூட வர ஆள் இருக்காது. மேலதிகாரியிடம் ரகசியமாகச் சொன்னது சாயங்காலத்துக்குள் ஸ்டேஷன் முழுக்கத் தெரிந்திருக்கும்.

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையத்தில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் தான் பார்த்ததைச் சொன்னார். அதன்பின் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னது. அந்த அம்மாவின் துணிச்சலை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன்: அவர் தன் துறையில் ஒருவரிடம் சொல்லித் தடுக்க முடிந்திருந்தால் இரண்டு உயிர் பிழைத்திருக்கும். உள்ளே நம்பிச் சொல்ல ஒரு காது இல்லாதபோதுதான் உண்மை நீதிபதி வரும்வரை காத்திருக்கிறது.

பூட்டிக் கிடக்கும் வீடுகளில் திருட்டு நடந்தால் போலீஸ் கடுமையாக விசாரித்தால்தானே பொருள் கிடைக்கும்?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று தெருத் தெருவாகப் பூட்டிய வீடுகள். சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். காவலுக்கு ஒரு வயதானவர், பெருக்க ஓர் அம்மா. தேக்கு நிலைக்கதவுச் சிற்பம், வெள்ளிச் சாமான், பித்தளை அண்டா, பெல்ஜியம் கண்ணாடி எது போனாலும் முதல் சந்தேகம் அந்த இருவர்மேல்தான். திருவிழாவுக்கு ஊர் வந்த சொந்தக்காரர் கதவைத் திறந்துதான் பொருள் காணாமல் போனதையே பார்ப்பார். எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது மேலிருந்து அழுத்தம் வரும். ‘பெரிய இடம், இரண்டு நாளில் பொருள் வேண்டும்.’ இரண்டு நாளில் விதிப்படி செய்யக்கூடியது கைரேகை எடுப்பது, பழம்பொருள் கடைகளில் விசாரிப்பது, கேமரா பார்ப்பது, பழைய குற்றவாளிகளின் நடமாட்டம் பார்ப்பது. விதியை விட்டால் செய்யக்கூடியது காவலாளியைத் தூக்கி வருவது. மேலதிகாரி கொடுக்கும் கெடு எந்தக் கதவைத் திறக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ‘என்ன செஞ்ச?’ என்று கேட்காமல் ‘கிடைச்சுதா?’ என்று மட்டும் கேட்கிறவர், அடியை வாயால் உத்தரவிடாமலே உத்தரவிடுகிறார்.

அடித்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் சட்டம், புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

மடப்புரத்தில் நடந்தது நம் சிவகங்கை மாவட்டம்தானே?

ஆமாம். 2025 ஜூன் மாதக் கடைசியில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் காளியம்மன் கோயிலுக்கு வந்த ஒருவர் காரில் வைத்த நகையைக் காணோம் என்றார். கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞரைத் தனிப்படையினர் விசாரித்தார்கள், அடித்தார்கள். அவர் இறந்துவிட்டார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

உயர் நீதிமன்றம் கேட்ட கேள்விகளில் ஒன்று இந்தப் பக்கத்துக்கு ரொம்ப முக்கியம்: யார் உத்தரவில் தனிப்படை இந்த விசாரணைக்கு வந்தது? தனிப்படை என்பது நிலையத்துக்கு வெளியே இயங்கும் சின்னக் கூட்டம். அதற்கு நாட்குறிப்பு, பாரா, ரைட்டர், வந்து போகும் பொதுமக்கள் என்ற எந்தக் கண்ணும் கிடையாது. முடிவைக் காட்டினால் பாராட்டு கிடைக்கும், வழியை யாரும் கேட்பதில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு அதற்குள் போகிறவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முறையான அனுமதி இல்லாமல் இயங்கிய தனிப்படைகளைக் கலைக்க டி.ஜி.பி. உத்தரவிட்டார். வேறு பெயரில் அவை திரும்பி வராமல் பார்ப்பது மேற்பார்வை அதிகாரிகளின் பொறுப்பு, ஊர்க்காரர்களான நாமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சாதி, ஊர்ப் பெரிய மனிதர் சிபாரிசு இதெல்லாம் இருக்கும் இடத்தில் விதி எப்படி நிற்கும்?

கஷ்டம்தான். தேவகோட்டை பக்கம் கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரகுசேரி என்ற நாலு நாட்டாரின் மரியாதை, பட்டியலின மக்கள் வடம் பிடிக்கும் உரிமை, நீதிமன்ற உத்தரவுகள் எல்லாம் சேர்ந்து பல வருடம் இழுத்தது. தேர் பல ஆண்டுகள் நின்று, 2024 ஜூனில் பெரும் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது.

அந்த மாதிரி நாளில் வடத்தின் ஓரம் நிற்கும் காவலருக்கும் ஒரு சாதி உண்டு, சொந்தக்காரர்கள் உண்டு. மேலதிகாரி இடம் பிரிக்கும்போது ஆளைப் பார்த்து, சாதியைப் பார்த்துப் பிரிக்கிறார் என்று அவருக்குப் பட்டுவிட்டால் நடுநிலை அங்கேயே போச்சு. உத்தரவு என்ன, ஏன் இப்படி, எல்லை மீறினால் முதலில் என்ன செய்வது, யார் சொன்னால் மட்டும் அடுத்த படி என்று முந்தின இரவே தெளிவாகச் சொன்னால், உள்ளுக்குள் எப்படி நினைப்பவரும் சொன்னபடி நிற்பார். நான் பார்த்திருக்கிறேன்.

சிபாரிசு விஷயத்தில் நிலைய அதிகாரியின் பதவிக்காலம் பெரிய விஷயம். காவல் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் குறைந்தது இரண்டு வருடம் வேண்டும் என்றது. ஒரு போன் காலில் மாற்றப்படக்கூடியவர் தனக்குக் கீழே உள்ளவரை எப்படிக் காப்பாற்றுவார்?

வார விடுப்பு, ஆர்டர்லி எல்லாம் இதில் ஏன் வருகிறது?

2019இல் நாடு முழுக்கக் காவலர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு, சராசரியாக அவர்கள் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை பார்ப்பதாகச் சொன்னது. பதினாலாவது மணி நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. தமிழ்நாட்டில் 2021இல் வார விடுப்புக்கு ஆணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் பந்தோபஸ்து என்று ஒரு வார்த்தை சொன்னால் அது காற்றில் போகிறது.

ஆர்டர்லி முறையை, அதாவது அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைப்பதை, ஒழித்து 1979லேயே அரசாணை இருக்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி கடிந்து சொல்லும் நிலை வந்தது. சட்டம் படித்துச் சீருடை போட்டவரை அதிகாரி வீட்டுக் காய்கறி வாங்க அனுப்பினால், அரசாணை என்பது கீழே உள்ளவருக்கு மட்டும் என்ற பாடத்தை அந்த அதிகாரியே நடத்திவிட்டார்.

கேமரா வைத்தாயிற்றே, அது போதாதா?

உதவும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், வராந்தா உள்பட முக்கிய இடங்களில் கேமரா வைக்கவும் பதிவை 18 மாதம் பாதுகாக்கவும் சொன்னது. பழுதான கேமராவைச் சரிசெய்யும் பொறுப்பு யாருக்கு, பதிவை மாதம் ஒருமுறையாவது வெளி ஆள் பார்க்கிறாரா என்று கேளுங்கள். யாரும் பார்க்காத கேமராவால் யாருக்கும் பயன் இல்லை.

பெண் காவலர்கள் நிலை?

கழிப்பறை இல்லாத பாயிண்டில் பத்து மணி நேரம் நிறுத்திவிட்டு அவரிடம் பொதுமக்களைக் கனிவாக நடத்தச் சொல்வது முறையில்லை. பந்தோபஸ்து திட்டம் போடும்போதே இதை எழுத வேண்டும். சில அதிகாரிகள் எழுதுகிறார்கள்.

விதிப்படி போனால் குற்றவாளி தப்பிவிடுவானே?

விதியை விட்டதால் கோர்ட்டில் விடுதலையான வழக்குகள்தான் எனக்கு அதிகம் தெரியும்.

நான் நிலையத்துக்குப் போனால் என்னென்ன எதிர்பார்க்கலாம்?

புகார் மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை வாங்கியதற்கான ஒப்புகை) கேளுங்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே தீர்ப்பு இருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் வந்துவிட்டது, அதில் மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள சில குற்றங்களுக்கு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். எந்த நிலைய எல்லையில் நடந்த குற்றம் என்று பார்க்காமல் புகாரைப் பதியவும் அதே சட்டம் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

சாட்சியாக விசாரிக்க என்றால் 60 வயது தாண்டிய ஆண்களையும் எந்த வயதுப் பெண்களையும் நிலையத்துக்கு வரச் சொல்லி நிர்ப்பந்திக்க முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவுக்கும் ஆச்சிக்கும் இதை யாராவது எடுத்துச் சொல்லி வையுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, காரணம் எழுதாவிட்டால் நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

காவல் துறை தன்னைத் தானே விசாரித்தால் போதுமா?

போதாது. நல்ல மேற்பார்வை பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை மறைக்க மாட்டேன். காவல் புகார் ஆணையம் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமையில் வேண்டும் என்று பிரகாஷ் சிங் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டம் மாநிலத்தில் உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக வைத்து, கூடவே காவல் அதிகாரிகளையே உறுப்பினராக்கியது. இதை மாற்ற வேண்டும். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போய்விடுங்கள்.

மேலதிகாரி அநியாயம் செய்தால் காவலர் எங்கே போவார்?

சங்கம் கிடையாது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் காவலர்கள் அனுமதியின்றிச் சங்கம் சேருவதைத் தடுக்கிறது. எனவே கண்காணிப்பாளரிடம் மனு, தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு, கடைசியில் உயர் நீதிமன்றம். தம்பிகளுக்குச் சொல்வது: எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழியாகத் தப்பான உத்தரவு வந்தால், ‘ஐயா, ஜி.டி.யில் எழுதிக்கட்டுமா?’ என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பல உத்தரவுகள் அந்தக் கேள்வியோடு வாபஸ் ஆகிவிடும்.

நன்றாக நடந்துகொண்ட காவலரைப் பற்றி எழுதினால் பயன் உண்டா?

நிச்சயம் உண்டு, யாரும் செய்வதில்லை என்பதுதான் வருத்தம். பணிப் பதிவேட்டில் நற்பணிப் பதிவு, சிறு பண வெகுமதி என்றெல்லாம் வழிகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் திருடனைப் பிடித்ததற்கும் பொருள் மீட்டதற்கும்தான் போகின்றன. ரசீது மறுக்காமல் கொடுத்தவர், ராத்திரி தனியாக வந்த பெண்ணை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டவர், காவலில் இருந்தவரின் வீட்டுக்குத் தானே போன் போட்டவர், இவர்களுக்கு யார் எழுதுவது? நீங்கள் எழுதினால்தான் கண்காணிப்பாளருக்கு எதைப் பாராட்டலாம் என்றே தெரியும்.

மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு தாளில் எழுதினால் போதும். நிலையத்தின் பெயர், தேதி, நேரம், சட்டையில் இருக்கும் பெயர் வில்லை, என்ன காரியமாகப் போனீர்கள், அவர் என்ன செய்தார். ‘நல்லவர், வல்லவர்’ எல்லாம் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதி, ஒரு நகலை நிலைய ஆய்வாளருக்கும் அனுப்புங்கள். நல்ல ஆய்வாளர் என்றால் அதை மறுநாள் ரோல் காலில் வாசிப்பார்.